‘எந்த மருந்தும் வேண்டாம்’ என்று நான்தான் சொன்னேன்

என் தங்கைக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் பின்னிரவில் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். ‘மதினி, மூச்சு இழுக்குது, பேச முடியல. ஆட்டோவுல ஏத்திட்டேன், நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க’ என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. முகத்தில் நெபுலைசர் மாஸ்க், அதிலிருந்து புகை மாதிரி மருந்து வழிந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா என்னிடம், ‘வழக்கமா என்ன மருந்து எடுக்கிறாங்க?’ என்று கேட்டார். ‘இன்ஹேலர்’ என்றேன். தங்கை மாஸ்க்குக்குள் இருந்தபடியே இல்லை என்று தலையை ஆட்டினாள். நாலு மாதமாக அவள் இன்ஹேலரைத் தொடவே இல்லை.

நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்துவிட்டு 14 வருடமாக அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவள். தங்கை வீடு கடையிலிருந்து நாலு தெரு தள்ளி. அவளுடைய இன்ஹேலரை மாதாமாதம் எடுத்துக் கொடுத்ததே நான்தான். நாலு மாதமாக அவள் வந்து வாங்கவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. அந்த இரவு நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மனசு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

## அப்பத்தாவின் ஊமத்தை

இந்த இழுப்பு, அதாவது ஆஸ்துமா, எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவது. எங்கள் அப்பத்தாவுக்கு இருந்தது. மார்கழிப் பனி தொடங்கினால் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்தே கிடப்பார். ஊமத்தை இலையை நிழலில் காயவைத்து, சருகானதும் கசக்கி, ஒரு ஓட்டுச்சில்லில் கங்கு போட்டு அதன் மேல் தூவுவார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அந்தப் புகையை இழுப்பார். கொஞ்ச நேரத்தில் மூச்சு இளகும். ஆனால் வாய் வறண்டு போய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் கூசும், எதிரில் நிற்பவர் மங்கலாகத் தெரிவார். ‘தண்ணி கொண்டாத்தா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தடவை புகை கூடிப்போய், செத்துப்போன தன் அண்ணனிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன்.

பின்னாளில் படிக்கப் போனபோதுதான் அந்தத் திண்ணையில் நடந்தது என்னவென்று புரிந்தது. நாம் நினைக்காமலே நடக்கிற வேலைகளுக்கென்று உடம்பில் தனி நரம்புகள் இருக்கின்றன. இதயம் துடிப்பது, குடல் அசைவது, எச்சில் ஊறுவது, கண்பாவை சுருங்குவது, மூச்சுக்குழாய் விரிவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. பள்ளிப் புத்தகத்தில் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று படித்திருப்போம். அதில் பரிவு நரம்பு ஒரு பக்கம், எதிர்ப்பரிவு நரம்பு மறு பக்கம். நாய் துரத்தும்போது முன்னது ஓங்கும். சாப்பிட்டுப் படுக்கும்போது பின்னது ஓங்கும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் ஹையோசினும் எதிர்ப்பரிவு நரம்பின் வாயை அடைத்துவிடும். மூச்சுக்குழாயை இறுக்கிப் பிடித்திருந்த பிடி தளரும். ஆனால் எச்சிலை ஊற வைப்பதும் அதே நரம்புதான், பாவையைச் சுருக்குவதும் அதே நரம்புதான். அதனால் மூச்சு வரும்போது வாயும் வறளும், கண்ணும் கூசும். அப்பத்தாவின் வைத்தியம் வேறு, பக்கவிளைவு வேறு இல்லை. ஒரே காரியம்தான், நெஞ்சில் நடக்கும்போது அதற்கு வைத்தியம் என்று பெயர், வாயில் நடக்கும்போது பக்கவிளைவு என்று பெயர். 1802 வாக்கில் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாக இந்த ஊமத்தைப் புகை இங்கிலாந்துக்கே போயிருக்கிறது. இன்று இழுப்புக்குக் கொடுக்கும் இப்ராட்ரோபியம், அட்ரோபினைத் திருத்திச் செய்ததுதான். நுரையீரலோடு நின்றுவிடும்படி திருத்தினார்கள்.

ஒரு முறை ஒருவர் சீட்டோடு கடைக்கு வந்தபோது, அரை மணி நேரம் என்னைப் பாடு படுத்தியது இந்த நரம்புக் கணக்குதான். ஒற்றைத் தலைவலிக்காக ஒரு டாக்டர் ப்ரோப்ரனலால் எழுதியிருந்தார். வந்தவர் அதை வாங்கிவிட்டு, ‘அப்பறம் அந்த இழுப்பு பம்ப் ஒண்ணு குடும்மா’ என்றார். அவர் கேட்டது இன்ஹேலர். சால்பியூட்டமால். பரிவு நரம்பின் வேலையைச் செய்து மூச்சுக்குழாயை விரிப்பது சால்பியூட்டமால். அதே இடத்தை அடைத்துக்கொண்டு அந்த வேலையை நடக்கவிடாமல் செய்வது ப்ரோப்ரனலால். இழுப்புக்காரருக்கு அந்த மாத்திரையே இழுப்பைக் கொண்டுவந்துவிடும், அப்போது பம்ப் அடித்தாலும் கேட்காது. தலைவலி டாக்டரிடம் இழுப்பைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். ‘அவரு தலைவலிக்குத்தானம்மா பாக்குறாரு’ என்றார். டாக்டருக்குப் போன் போட்டு மாற்றி வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு தெரிந்தவள் நான்.

## ‘நீதானக்கா சொன்ன’

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது. ஸ்கேனில் குழந்தையும் நன்றாக இருந்தது. பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் முழுக்க அவள் மாமியார் மேல். அந்த அம்மா முன்பே ஒரு முறை என்னிடம், ‘நெஞ்சுக்குள்ள மருந்தை அடிச்சா வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா? கலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா?’ என்று கேட்டிருந்தார். சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மை அதற்கு நேர்மாறு. சால்பியூட்டமால் வகையறா கருப்பையின் தசையையும் தளர்த்தும். அந்த வகையைச் சேர்ந்த டெர்பியூட்டலினை, குறைமாதத்தில் வலி எடுத்துவிட்டால் வலியைத் தள்ளிப் போடுவதற்கே ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அதை நாள்கணக்கில் போட்டால் தாயின் இதயம் படபடத்து உயிருக்கே ஆபத்தாகும் என்று 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது, அது வேறு. இழுப்புக்கு அடிக்கும் பம்ப் கருவைக் கலைக்காது என்பதற்கு நரம்பின் கணக்கே சாட்சி.

அளவையும் பார்க்க வேண்டும். பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தில் 4 மில்லிகிராம் மாத்திரை உண்டு. ஒரு மாத்திரை 40 அழுத்தலுக்குச் சமம். பம்ப் போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, விரலை நடுங்க வைத்து, இதயத்தைப் படபடக்க வைத்துவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், ‘பம்ப் வேணாம்மா, பழகிப் போயிரும், மாத்திரையாக் குடு’ என்றுதான் கேட்பார்கள். பம்ப் பெரிய நோயாளிக்கு, மாத்திரை சாதாரணம் என்று ஒரு எண்ணம்.

இதையெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டு, மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்று கணக்குப் போட்டபடி தங்கைக்கு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ‘அந்தம்மா சொன்னாங்கன்னு நிப்பாட்டிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல’ என்றேன். அவள் இட்லியை மென்றுகொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்: ‘அத்தை சொன்னதுக்கு நிப்பாட்டலக்கா. நீதானக்கா சொன்ன.’

நான் எப்போது சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். நாள் தள்ளிப்போய், கடைக்கு வந்து கிட் வாங்கி, இரண்டு கோடு விழுந்ததை முதலில் காட்டியது என்னிடம். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ‘இனிமே எந்த மருந்தும் வேண்டாம், பாத்துக்க. தலைவலி, சளின்னு எதையும் வாயில போடாத’ என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. கவுன்டரில் எத்தனையோ பெண்களிடம் சொன்ன அதே வாக்கியம். சந்தோஷத்தில், பாசத்தில், யோசிக்காமல் வந்த வாக்கியம். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சளி மாத்திரை, தலைவலி மாத்திரையோடு பம்ப்பையும், அதோடு இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் இழுக்க வேண்டிய புடெசொனைடு இன்ஹேலரையும் நிறுத்திவிட்டாள். புடெசொனைடு, கர்ப்பிணிகளிடம் அதிகம் பழகிப் பார்த்து நம்பிக்கை பெற்ற மருந்து. ஆஸ்துமா உள்ளவர்கள் கர்ப்பமானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு நோய் கூடும், ஒரு பங்குக்குக் குறையும், ஒரு பங்குக்கு அப்படியே இருக்கும் என்று எனக்குப் பாடமே உண்டு. தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்குப் போகும் பிராணவாயுவும் குறையும். இவ்வளவையும் நான் படித்திருக்கிறேன். என் தங்கை படிக்கவில்லை. அவளிடம் இருந்தது நான் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும்.

## அந்தப் பயம் வந்த வழி

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தேடினால் அது தாலிடோமைடில் போய் நிற்கும். மருந்து படித்த யாரும் அந்தப் படங்களை மறக்க முடியாது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கென்று வந்தது, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961-இல் நிறுத்துவதற்குள் உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் கையும் காலும் குறைபட்டுப் பிறந்தார்கள். அமெரிக்காவில் அதை விற்க மெரல் கம்பெனி கேட்டபோது, கையெழுத்துப் போடாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டு நிறுத்தி வைத்தவர் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. என்னை உலுக்கும் கணக்கு வேறொன்று. தாலிடோமைடு கருவைச் சிதைத்தது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 34-ஆம் நாளுக்கும் 50-ஆம் நாளுக்கும் இடையில். பல பெண்களுக்கு முழுகாமல் இருக்கிறோமா என்ற சந்தேகமே அப்போதுதான் வந்திருக்கும்.

ஆனால் அந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. அதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானாகப் பின்னால் படித்தேன். தாலிடோமைடு பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு. 1961 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் அவர் கடிதம் வந்தது. உலகமே கொண்டாடியது. அதன் பிறகு அவர், கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுத்த டெபென்டாக்ஸ் மேல் பாய்ந்தார். அதே மெரல் கம்பெனி அமெரிக்காவில் பென்டெக்டின் என்ற பெயரில் விற்ற மருந்து அது; 3 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் சாப்பிட்டது. அதில் முன்பு டைசைக்ளோமின் இருந்தது, நம் ஊரில் வயிற்றுவலிக்கு வெட்டிக் கொடுக்கிறோமே, அதே டைசைக்ளோமின். அதுவும் ஊமத்தை மாதிரி எதிர்ப்பரிவு நரம்பை அடைப்பது. இந்த வகை மருந்துகள் கருவைக் கெடுக்கும் என்று காட்ட, மெக்பிரைடு முயல்களுக்கு ஹையோசின் கொடுத்துப் பார்த்து 1982-இல் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையில் எண்களை மாற்றியிருந்தார். கொடுத்த அளவையும் மாற்றியிருந்தார். கூட வேலை பார்த்த இளம் ஆய்வாளர் ஃபில் வார்டி அதைக் கண்டுபிடித்தார். 1987-இல் நார்மன் ஸ்வான் ஆஸ்திரேலிய வானொலியில் அதை ஊருக்குச் சொன்னார். 1993-இல் மெக்பிரைடின் பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள்.

அதற்குள் மருந்து போய்விட்டது. குழந்தைக்குக் கேடு இல்லை என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, வழக்குகளின் பாரம் தாங்காமல் 1983-இல் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. கடும் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் படுக்கும் கர்ப்பிணிகள் அமெரிக்காவில் கூடினார்கள். டைசைக்ளோமின் நீங்கலாக, பழைய மருந்தில் இருந்த டாக்ஸிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரைக்கு 2013-இல்தான் அங்கே திரும்ப அனுமதி கிடைத்தது. முப்பது வருடம். ஒரு பயம் சரியாக இருந்ததால், அடுத்த பயத்தையும் யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

## கேட்க வேண்டிய கேள்வி

பயப்படவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பயப்பட வேண்டியவற்றுக்கு நாம் பயப்படுவதில்லை, அதுதான் என் ஆதங்கம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் கேப்ஸ்யூல், மூன்று மாதப் பழைய சீட்டு, ஓரம் நைந்து போனது. அதை நீட்டிக்கொண்டு பெண் பிள்ளைகள் வருவார்கள். கருவின் மூளை, இதயம், காது எல்லாவற்றையும் குலைக்கக்கூடிய மருந்து அது. நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் கருவுறலாம். பருவுக்குத்தானே என்று அலட்சியமாக வாங்கிப் போவார்கள். பி.பி.க்கு எனலாப்ரில் சாப்பிடும் மருமகளுக்கு மாமனார் வந்து வாங்குவார். அது நாலாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கும், பனிக்குட நீர் வற்றிப்போகும். இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை, ‘ரெண்டு மட்டும் வெட்டிக் குடுங்க’ என்பார்கள். அட்டையைக் கத்தரியால் வெட்டும்போது எச்சரிக்கை எழுத்து என் கையிலிருக்கும் பாதியில் நின்றுவிடும், மாத்திரை அவர்கள் கைக்குப் போய்விடும். 20 வாரத்துக்குப் பிறகு அந்த வகை வலி மாத்திரைகளும் பனிக்குட நீரைக் குறைக்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்கள் எங்கள் பக்கம் உண்டு. நிகோடின் பரிவு, எதிர்ப்பரிவு இரண்டையுமே தட்டி எழுப்பி, ரத்தக்குழாயைச் சுருக்கும். அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் ஒரு பெண் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கடைக்கு வந்தாள். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் நூற்றில் சுமார் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும், நூற்றில் 30 முதல் 40 பேருக்குப் பேச்சும் கற்றலும் பின்தங்கும். ஆனால் அவளிடம் ‘நிறுத்திடு’ என்று சொல்லியிருந்தால் வலிப்பு வந்து அவளே போயிருக்கலாம். பத்திரிகையை வாங்கிக்கொண்டு, ‘கல்யாணத்துக்கு முன்னாடியே நரம்பு டாக்டரைப் பாத்துரும்மா, மாத்திரையை நீயா நிறுத்தாத, மாத்தித் தரச் சொல்லு’ என்றேன். மாற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பதில் எனக்கு வாயில் வந்தது தங்கை விஷயத்துக்குப் பிறகுதான்.

ஒரே மருந்து ஒரு கையில் ஆகாது, இன்னொரு கையில் உயிர் காக்கும். சளி மாத்திரையில் ஃபினைலெஃப்ரினைச் சேர்ப்பது, ரத்தக்குழாயைச் சுருக்கி மூக்கடைப்பை நீக்கும் என்று நினைத்துத்தான். பி.பி. ஏறிய கர்ப்பிணிக்கு அதை நான் கொடுக்க மாட்டேன். ஆனால் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் தாயின் பி.பி. சட்டென்று இறங்கும்போது, மயக்க மருத்துவர் கை போவது அதே ஃபினைலெஃப்ரினிடம்தான்.

இப்போது நான் பெண்களிடம் மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். கூட்டமாக இருக்கும்போது கேட்க முடியாது. நாலு ஆம்பிளைகள் நிற்கும் கவுன்டரில், ‘தலைக்குளிச்சு எத்தனை நாளாச்சு?’ என்று கேட்டால் பிள்ளைகள் அப்படியே திரும்பிப் போய்விடும். அதனால் ஒரு சின்னத் தாளில் எழுதி, மீதிச் சில்லறை கொடுக்கிற மாதிரி நீட்டுவேன்: நாள் தள்ளியிருக்கா? தினமும் எடுக்கிற மருந்து ஏதும் இருக்கா? சிலர் தலையை ஆட்டுவார்கள். சிலர் கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்பார்கள். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அதற்கு ஆமாம் என்றால், ‘அதை நிப்பாட்டிடாத, டாக்டர்ட்ட கேட்டுக்க’ என்று வாயால் சொல்லி அனுப்புவேன்.

தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டோம். அன்று ராத்திரி அவளுடைய தாய் சேய் அட்டையை வாங்கி, முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ‘ஆஸ்துமா’ என்று எழுதினேன். கர்ப்பிணிக்கு பி.பி. ஏறினால் வழக்கமாகக் கொடுக்கும் லபெட்டலால் ப்ரோப்ரனலாலின் உறவு, இழுப்புக்காரிக்கு ஆகாது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போப்ரோஸ்ட் ஊசியும் மூச்சுக்குழாயை இறுக்கும். நள்ளிரவில் வலி எடுத்துப் போனால் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நரம்புக் கணக்கு எல்லாவற்றையும் அவருக்கு நிதானமாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, ‘இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேத்தா’ என்றார்.

வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. டூட்டி டாக்டர் அட்டையைத் திருப்பினார், சிவப்பு எழுத்தில் கண் நின்றது. ‘பம்ப் எங்கம்மா?’ என்று கேட்டார். தங்கைக்கு முன்னால் அவள் மாமியார் தன் மடியில் முடிந்து வைத்திருந்த பம்ப்பை அவிழ்த்து நீட்டினார்.